ராத்திரி மூன்று மணிக் காலை வணக்கம்

எங்கள் பேட்டைப் பூங்காவில் போன மாதம் ஒரு கையேடு கைக்குக் கை மாறியது. ‘புரோஸ்டேட் காக்கும் பாரம்பரிய உணவு’ என்று அட்டையில் போட்டு, கீழே ஒரு வாழையிலையும் சிரித்த முகத்தோடு ஒரு பெரியவரும். எண்ணெயைக் குறை, கறியைக் குறை, கீரை சேர், பொழுதோடு சாப்பிடு, தினமும் நட. படிக்கப் படிக்க எங்கள் தாத்தாவின் நாட்குறிப்பைப் படிப்பதாகவே இருந்தது. இதில் சொன்ன அத்தனையையும் யாரும் சொல்லாமலே செய்து முடித்தவர் அவர். கையேட்டின்படி அவருக்கு நீர்த் தொந்தரவு வந்திருக்கவே கூடாது. வந்தது. அதிலேயே போய்ச் சேர்ந்தார்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில் ஊர். விடியலில் பழைய சோறு, சின்ன வெங்காயம், மோர். பிறகு வயலுக்கு நடை. வரப்பு வரப்பாகச் சுற்றிவிட்டு வெயிலேறத் திரும்புவார். மத்தியானம் குழம்பு, கீரை, கொல்லையில் காய்த்த புடலையோ அவரையோ. ஆற்றில் தண்ணீர் வந்தால் கெண்டை, விரால். ஆட்டுக்கறி தீபாவளிக்கும் குலசாமி கோயில் கிடாவெட்டுக்கும்தான். விளக்கு வைத்த சற்றைக்கெல்லாம் ராத்திரிச் சாப்பாடு முடிந்துவிடும். தொந்தி என்பது மிராசுதாருக்கும் பிள்ளையாருக்கும் உரியது என்று இருந்த உடம்பு. கையேடு போட்டவர்கள் அவரைப் பார்த்திருந்தால் அட்டைப் படத்துக்கு அவரையே நிற்க வைத்திருப்பார்கள். கடைவாயில் அடக்கிய புகையிலையை மட்டும் துப்பிவிட்டு வரச் சொல்லியிருப்பார்கள். பாரம்பரியம் பேசும்போது புகையிலையும், சோற்றுக்குச் சமமாகத் தொட்டுக்கொண்ட ஊறுகாயும் கருவாடும் எப்படியோ கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றன.

தாத்தாவுக்குத் திண்ணையில் படுக்கை. ராத்திரியில் அரிக்கேன் விளக்கு கொல்லைப் பக்கம் போகும், வாழைக்கன்றுகளுக்குப் பின்னால் வெகுநேரம் நிற்கும், திரும்பி வரும். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் போகும். “தாத்தா எங்க அப்பாயி போறாங்க?” என்று கேட்டால், “தேங்காத் திருடன் வந்திருக்கானான்னு பாக்கப் போறாங்க. நீ தூங்கு” என்பாள் அப்பாயி. நாங்கள் பேரப்பிள்ளைகள் தாத்தாவின் வீரத்தைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டோம். ஒரே ராத்திரியில் நாலு தடவை திருடனைத் தேடிப் போகிற தாத்தா வேறு யாருக்கும் இல்லை. மற்றப் பையன்களின் தாத்தாக்களும் போய்க்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அந்த வீடுகளில் என்ன சொல்லி வைத்திருந்தார்களோ.

வைத்தியர் வாழைத்தண்டுச் சாறு சொன்னார். நெருஞ்சில் கஷாயம் சொன்னார். பொங்கலுக்குக் கூரையில் காப்புக் கட்டுகிற சிறுபீளையை இடித்துப் பிழிந்து கொடுக்கச் சொன்னார். எல்லாம் நீரைப் பெருக்கும் என்று பேர்பெற்றவை. தாத்தாவுக்கு நீர் குறைவாக ஊறவில்லை. போகிற வழி நெருங்கிப்போயிருந்தது. மடை அடைத்துக் கிடக்கையில் வாய்க்காலில் இன்னும் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தோம். 1968 ஐப்பசியில் கால் வீங்கியது. விக்கல் நிற்கவில்லை. பகலிலும் அரைத் தூக்கம். “வயசாச்சு” என்றது ஊர். எல்லாருக்கும் அது போதுமான காரணமாக இருந்தது. பிற்காலத்தில் ஒரு டாக்டரிடம் இந்த விவரங்களைச் சொன்னபோது, “அடைப்பு முத்தி கிட்னி போயிருக்கலாம் சார். அப்பவே ஒரு குழாய் போட்டிருந்தா இன்னும் கொஞ்ச காலம் இருந்திருப்பார்” என்றார். தஞ்சாவூரில் அப்போதே மருத்துவக் கல்லூரி இருந்தது. பஸ்ஸும் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எதைச் சொல்லி அவரை அழைத்துப் போவது?

புரோஸ்டேட் என்ற அந்தச் சுரப்பி சிறுநீர்ப்பையின் வாசலில், சிறுநீர் இறங்கும் குழாயைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. இளவயதில் சுமார் 20 கிராம். ஐம்பதுகளில் உள்ள ஆண்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அதில் பெருக்கம் தொடங்கியிருக்கும். எண்பதுகளுக்குப் போனால் பத்தில் எட்டுப் பேருக்கு மேல். இதற்கு முதல் காரணங்கள் இரண்டு. ஒன்று வயது. மற்றது ஆண் ஹார்மோன். பருவமடையும் முன்பே விரை நீக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பெருக்கம் வருவதில்லை. ஆக, ஆணாகப் பிறந்து, தலை நரைக்கும்வரை இருந்தால் போதும். மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். சாப்பாடும் நடையும் தொந்தியும் அதன் வேகத்தையும் தொல்லையையும் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். வரவே விடாமல் தடுக்கும் கீரை எதுவும் இல்லை.

மனிதனைப் போல நாய்க்கும் வயதானால் இது பெருக்கும். சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் நாய்களின் புரோஸ்டேட்டை ஆராய்ந்துதான் ஹார்மோனுக்கும் அதற்கும் உள்ள உறவைப் பிடித்தார். ஹார்மோனை அடக்கினால் புரோஸ்டேட் புற்றுநோயும் அடங்குகிறது என்று 1941இல் காட்டினார். 1966இல் நோபல் பரிசு வந்தது. கம்பத்துக்குக் கம்பம் நிற்கும் தெருநாயை முன்பெல்லாம் கல்லெடுத்து விரட்டியிருக்கிறேன். அது எல்லை குறிக்கத்தான் நிற்கிறது என்பது தெரியும். இருந்தாலும் இப்போது அது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுத்தான் நடக்கிறேன்.

அப்பா காலத்தில் நிலைமை கொஞ்சம் நாகரிகமடைந்தது. அவர் வாத்தியார். சைக்கிளில் போய் நின்றுகொண்டே பாடம் நடத்தியவரை ஓய்வுக்குப் பிறகு ஈஸிசேர் பிடித்துக்கொண்டது. நாலு மணிக்கு வடை, ஆறு மணிக்குக் காப்பி, ஒன்பது மணிக்கு மேல் சாப்பாடு. சர்க்கரை வியாதியும் வந்தது. 1993 மார்கழிப் பனியில் சளி பிடித்து, மருந்துக் கடையில் கேட்டு ஒரு மாத்திரை வாங்கிப் போட்டார். சளி நின்றது. கூடவே சிறுநீரும் நின்றது. விடிய விடிய வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தார். வாடகைக் காரில் போட்டுத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். குழாய் போட்டுப் பை நிறைய நிறைய அவர் முகம் தெளிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பரீட்சையில் பையன்கள் எல்லாரும் பாஸானபோதுகூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “சளி மாத்திரை ஏதும் போட்டீங்களா?” மூக்கடைப்பைத் திறக்கும் மருந்து சிறுநீர்ப்பையின் கழுத்துத் தசையை இறுக்கிவிடும். தும்மலை நிறுத்தும் பழைய ரக மருந்து பையின் அழுத்தத்தைத் தளர்த்திவிடும். இரண்டும் ஒரே மாத்திரையில் இருக்கும். ஏற்கெனவே நெருங்கியிருந்த வழி அன்று ராத்திரி முழுதாகச் சாத்திக்கொண்டது. கீரை, தக்காளி, விதை என்று இன்று நாள் முழுக்கப் பேசுகிற எங்கள் கூட்டத்தில் இந்தச் சளி மாத்திரை விஷயம் மட்டும் பாதிப் பேருக்குத் தெரியாது.

பிறகு அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தது. குழாய் வழியாகவே கருவியை விட்டு உள்ளே சுரண்டி எடுக்கும் முறை. வெளியே தையல் கிடையாது. பார்க்க வந்த சொந்தக்காரர்களிடம் அம்மா, “குடலிறக்கம். ஆபரேஷன் ஆச்சு” என்று சொன்னாள். குடலிறக்கத்துக்கு எங்கள் குடும்பத்தில் ஒரு மரியாதை இருந்தது. பாரம் தூக்கியவனுக்கு, உழைத்தவனுக்கு வருவது. ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் குவிந்தன. அப்பாவும் பார்க்க வந்தவர்களிடம், ஆயுளில் தூக்காத மூட்டைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

இப்போது நாங்கள். எங்களிடம் ரகசியமே கிடையாது.

பூங்காவில் காலை ஆறரைக்கு நடைச் சங்கம் கூடும். புரோஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையில் வரும் பி.எஸ்.ஏ. எண்ணை கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல் சொல்லிக்கொள்வோம். “உங்களுக்கு எவ்வளவு சார்?” “ரெண்டு புள்ளி ஒண்ணு.” “பரவாயில்லையே.” சங்கம் ஒரு சுற்று நடக்கும். பிறகு முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, நடப்பதன் நன்மைகளைப் பேசும். எங்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. பூ, சூரிய உதயம், முருகன் படம் போட்ட காலை வணக்கங்கள் அதில் இரவு 2:40க்கும் 3:10க்கும் 4:05க்கும் வந்து விழும். இந்தப் பெரியவர்கள் பிரம்ம முகூர்த்தத்தில் எழுகிறார்கள் என்று என் மருமகள் வியந்தாள். அவர்கள் எதற்கு எழுந்திருக்கிறார்கள் என்பது குழுவில் உள்ளவர்களுக்குத் தெரியும். தாத்தாவின் அரிக்கேன் விளக்கு எதற்குப் போகிறது என்பது அப்பாயி ஒருத்திக்குத்தான் தெரியும். எங்கள் விளக்கு ஐம்பது பேருக்கு நேரம் போட்டுப் போய்ச் சேருகிறது.

வீட்டுச் சமையலறை மருந்துக் கடையாகிவிட்டது. அப்பாயி பூசணிக்காயைக் கீறினால் விதையைக் குப்பைமேட்டில் எறிவாள். அடுத்த மழைக்கு அங்கே கொடி படரும். இப்போது அதே விதையைத் தோலுரித்துப் பொட்டலம் கட்டிய விலைக்கு ரெண்டு முழுப் பூசணி வாங்கலாம். ஆளி விதை, பாதாம், ராத்திரி ஒன்பது மணிக்கு கிரீன் டீ. புரோஸ்டேட்டுக்கு நல்லது என்று குடிக்கும் அந்த டீயில் உள்ள காஃபீன்தான் பாதி ராத்திரியில் நம்மை உலுக்கி எழுப்புகிறது. ஒருவர் தினமும் ஐந்து லிட்டர் தண்ணீர் என்று வீடியோவில் பார்த்து, பகலில் விட்டுப்போன பாக்கியைப் படுக்கப் போகும்போது ஒரேயடியாகக் குடித்துத் தீர்க்கிறார். படுப்பதற்கு ரெண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்திக்கொள்ள வேண்டும், பகலில் குறைக்கக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது அவ்வளவு சாதாரணமாக இருப்பதால் அதற்கு வீடியோ கிடையாது.

தக்காளிக்கு வருவோம். தாத்தா வீட்டில் புளிதான் ஆட்சி. தக்காளி சந்தையிலிருந்து எப்போதாவது வரும் விருந்தாளி. 1995இல் அமெரிக்காவின் ஹார்வர்டு ஆய்வாளர்கள், சுமார் 48,000 ஆண்களின் சாப்பாட்டுக் கணக்கைப் பார்த்து, தக்காளி சாஸ் அடிக்கடி சேர்த்துக்கொண்டவர்களுக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் குறைவாக வந்திருக்கிறது என்று எழுதினார்கள். தக்காளியின் சிவப்புச் சத்தான லைகோபீனுக்கு அன்று பிடித்த யோகம் இன்னும் விடவில்லை. பத்து வருடம் கழித்து அமெரிக்க அரசின் உணவு மருந்துத் துறை சான்றுகளை அலசிவிட்டு, மிகக் குறைவான ஆதாரமே இருக்கிறது என்று சொன்னது. அந்தச் செய்தி எங்கள் பூங்காவரை வந்து சேரவில்லை. எண்ணெயில் வதங்கிய தக்காளியில்தான் லைகோபீன் உடம்பில் நன்றாக ஒட்டும் என்பது மட்டும் உண்மை. இதைக் கேட்டதும் என் மனைவி தக்காளித் தொக்குக்கு அனுமதி கொடுத்தாள். விஞ்ஞானத்தால் என் வாழ்க்கையில் நேரடியாக விளைந்த நன்மை அது ஒன்றுதான். அதுவும் நீடிக்கவில்லை; காரணம் பின்னால் வருகிறது.

நியூஜெர்சியில் இருக்கும் மகன் ஒவ்வொரு முறை வரும்போதும் பெரிய டப்பா ஒன்று கொண்டுவருவான். வைட்டமின் ஈ, செலினியம், பிறகு ஒரு பனையின் பழச்சாறு. அந்தப் பனை அமெரிக்காவின் தென்கிழக்கில், ஃபுளோரிடா பக்கம் புதராக வளரும் குள்ளப் பனை. நம் பக்கத்துப் பனங்காட்டையெல்லாம் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து பனம்பழத்தை மாத்திரையாக விமானத்தில் இறக்குகிறோம். அந்தப் பழச்சாற்றை வழக்கமான அளவுக்கு மும்மடங்குவரை கொடுத்து 369 ஆண்களிடம் சோதித்தார்கள். 72 வாரம் கழித்துப் பார்த்தால், வெறும் மாவு மாத்திரை சாப்பிட்டவர்களைவிட ஒரு பலனும் கூடுதலாக இல்லை. 2011இல் வந்த முடிவு.

வைட்டமின் ஈ கதை இன்னும் விசேஷம். புரோஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் 2001இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் 35,000 பேருக்கு மேல் சேர்த்து ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். பலன் தெரியாததால் 2008இல் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்திய பிறகும் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில், வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்டவர்களுக்கு மாவு மாத்திரைக்காரர்களைவிடப் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. போனில் இதை மகனிடம் சொன்னேன். “அப்படியாப்பா? சரி, அந்த டப்பாவை விட்டுடுங்க. அடுத்த தடவை வேற பிராண்ட் கொண்டுவரேன்” என்றான்.

மாத்திரைதான் ஏமாற்றியது, காய்கறி ஏமாற்றாது என்றார் சங்கத்துச் செயலாளர். அதையும் பார்த்துவிட்டார்கள். வீரியம் குறைந்த புற்றுநோயோடு கண்காணிப்பில் இருந்த 478 பேரில் ஒரு பாதியைத் தினமும் ஏழு பங்கோ அதற்கு மேலோ காய்கறி சாப்பிடச் சொல்லி, போனில் ஆள்வைத்துத் தூண்டி, இரண்டு வருடம் கவனித்தார்கள். அவர்கள் மெனக்கெட்டுச் சாப்பிட்டதும் உண்மை. நோய் முற்றும் வேகத்தில் வித்தியாசம் இல்லை என்று 2020இல் அறிவித்தார்கள். காய்கறி இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லதுதான், அதற்காகச் சாப்பிடலாம். இந்தச் சுரப்பி அதைக் கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான்.

குழுவில் பதில் வராத செய்தி ஒன்று உண்டு. மாதம் 21 முறையோ அதற்கு மேலோ விந்து வெளியேறுகிற ஆண்களுக்கு, மாதம் 4 முதல் 7 முறை என்று இருப்பவர்களைவிடப் புரோஸ்டேட் புற்றுநோய் குறைவு என்ற 2004ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வை யாரோ ஒருவர் மதியம் மூன்று மணிக்கு அனுப்பிவிட்டார். எல்லாரும் படித்தது நீலக் குறியில் தெரிந்தது. அரை மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு செயலாளர் திருச்செந்தூர் முருகன் படம் ஒன்று போட்டார். ஐம்பது பேரும் கும்பிட்டார்கள்.

என் மச்சினனுக்குப் பிடித்த ஆராய்ச்சி வேறு. “அத்தான், குடிக்கிறவங்களுக்குச் சுரப்பி பெருக்கிறது கம்மியாம். பேப்பர்ல வந்திருக்கு.” வந்திருப்பது உண்மைதான், சில ஆய்வுகளில் அப்படித் தெரிகிறது. குடித்த ராத்திரியில் சிறுநீர் கூடுவதும், பெருத்த சுரப்பிக்காரருக்கு ஒரேயடியாகக் கட்டிக்கொள்ள அதுவே காரணமாவதும் அதே வைத்தியத்தில்தான் இருக்கின்றன. “உன் ஈரலுக்கும் அந்தப் பேப்பரைப் படிச்சுக் காட்டு மாப்ள” என்றேன். அவன் அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

புற்றுநோய் என்ற வார்த்தை இவ்வளவு அடிபட்டதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பெஞ்சில் தினமும் குழம்பும் இடம் இது. வயதாகிப் பெருப்பது வேறு, புற்றுநோய் வேறு. பெருத்தது புற்றாக மாறுவதில்லை. இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே காலத்தில் இருக்கலாம். பெருக்கம் குழாயை ஒட்டிய உட்பகுதியில் வருவதால் சிறுநீரில் உடனே தெரியும்; புற்று பெரும்பாலும் வெளிப்பகுதியில் சத்தமில்லாமல் தொடங்கும். அதனால் சிறுநீர் நன்றாகப் போகிறது என்பது சான்றிதழ் ஆகாது. தடைப்படுகிறது என்பதால் புற்று என்றும் ஆகாது. உடல் பருமன் உள்ளவர்களுக்குப் புற்று முற்றிய நிலையில் வரும் அபாயம் கூடுதல் என்பதும், புகைப்பவர்கள் இந்தப் புற்றால் சாவது கூடுதல் என்பதும் ஓரளவு உறுதியாக நிற்கும் செய்திகள். இவற்றை டப்பாவில் அடைத்து விற்க வழியில்லை என்பதால் விளம்பரம் கிடையாது.

நானும் ஸ்கேனுக்குப் போனேன். நம் ஊர் ஸ்கேன் சென்டர் கூடத்தைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். சிறுநீரை அடக்க முடியவில்லை என்று வந்தவர்களுக்கெல்லாம் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து, அடக்கிக்கொண்டு உட்காரச் சொல்கிறார்கள். வேட்டி, பேண்ட், லுங்கி எல்லாம் வரிசையாக, கால்மேல் கால் போட்டு, கூரையைப் பார்த்தபடி. “ஐயா, யூரின் ஃபுல்லா இருக்கா?” என்று ஒரு பெண் கேட்டுக்கொண்டே வரும். இருக்கிறது என்றால், “இன்னும் அஞ்சு பேர் இருக்காங்க, அடக்கிக்குங்க.” தாங்காமல் எழுந்துபோய் வந்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து தண்ணீர். பக்கத்தில் இருந்த பெரியவர் மூன்றாம் பாட்டிலில் இருந்தார். “வீட்ல பத்து நிமிஷம் அடக்க முடியலைன்னுதான் தம்பி இங்க வந்தேன்” என்றார். ஸ்கேன் முடிந்ததும் போய்விட்டு வரச் சொல்லி, மிச்சம் எவ்வளவு நிற்கிறது என்று மறுபடி பார்த்தார்கள். எனக்குச் சுரப்பி 48 கிராம். தாத்தாவுக்கு எவ்வளவு இருந்ததோ, எடை போட ஆளில்லை.

பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கு முன் 48 மணி நேரம் சைக்கிள் கூடாது, கடும் உடற்பயிற்சி கூடாது, இன்னொன்றும் கூடாது என்று அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். சைக்கிளை விட்டு வருடங்களாகிவிட்டன என்று லேபில் சொன்னேன். மற்றதைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை.

டாக்டர் சிறு வயதுக்காரர். மாத்திரை எழுதினார், சுரப்பியைச் சுருங்க வைக்கும் ஃபினாஸ்டரைடு, 5 மில்லிகிராம். ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும், பி.எஸ்.ஏ. எண்ணைப் பாதியாகக் குறைத்துக் காட்டும், எங்கே பரிசோதித்தாலும் இதைச் சொல்லிவிடுங்கள் என்றார். அன்று ராத்திரி மகனிடம் மருந்துப் பேரைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு மௌனம். முடி கொட்டுகிறது என்று அவனும் அதே மருந்தை 1 மில்லிகிராம் அளவில் சாப்பிடுகிறானாம். பரம்பரைச் சொத்து என்று எங்கள் வீட்டில் மிஞ்சியது இதுதான் போலிருக்கிறது.

சாப்பாட்டைப் பற்றி டாக்டரிடம் நானே கேட்டேன். கீரை, விதை, தக்காளி என்று ஒரு பட்டியலோடுதான் போயிருந்தேன். அவர் பட்டியலை வாங்கவில்லை. இடுப்பளவைக் கேட்டார், மனைவி சொன்னாள், ரெண்டு அங்குலம் கூட்டியே சொன்னாள். தொந்தி, சர்க்கரை, உட்கார்ந்தே இருப்பது, மூன்றும் சேர்ந்தவர்களுக்குத் தொல்லை கூடுகிறது என்றார். வாரத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் நடந்தவர்களுக்கு இந்தப் பெருக்கத் தொல்லை சுமார் 25 சதவீதம் குறைவு என்று 1998இலேயே ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னதாம். முப்பத்தைந்து வருடம் பாங்க்கில் உட்கார்ந்தே சம்பாதித்தவனிடம் இதை அவ்வளவு சாவகாசமாகச் சொன்னார்.

அடுத்து உப்புக்கு வந்தார். ஜப்பானில் நாகசாகி பல்கலைக்கழகத்து மருத்துவர்கள் 2017இல் வெளியிட்ட கணக்கு: நாளுக்கு 10.7 கிராம் உப்பு தின்றவர்கள் அதை 8 கிராமாகக் குறைத்தபோது ராத்திரியில் எழுவது 2.3 தடவையிலிருந்து 1.4 ஆகக் குறைந்தது. உப்பைக் கூட்டிய ஒரு பிரிவினருக்கு எழுவதும் கூடியது. உப்பு தாகத்தைக் கூட்டும், நீரை உடம்பில் பிடித்துவைக்கும். படுத்த பிறகு அதெல்லாம் இறங்கி வரும். “ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?” என்று கேட்டார். தயிர்ச்சாதம் என்றேன். “தொட்டுக்க?” நான் யோசிப்பதற்குள் மனைவி பட்டியல் போட்டாள்: “நார்த்தங்காய், மோர்மிளகாய், அப்பளம். தக்காளித் தொக்கு வேற, நல்லதுன்னு சொன்னாங்களேன்னு.” தஞ்சாவூர்க்காரனின் முழு ராத்திரிச் சாப்பாட்டையும் கேட்டுவிட்டு டாக்டர் பேனாவை மூடினார்.

தாத்தா இதில் எங்கே நிற்கிறார் என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நடை சரி, இடுப்பு சரி, பொழுதோடு சாப்பாடு சரி. ஊறுகாயும் கருவாடும் தப்பு. புகையிலை தப்பு. ஆனால் இதெல்லாம் சேர்த்தாலும் அந்தச் சாவுக்குக் கணக்கு நேர்படவில்லை. ஒரு வார்த்தை வெளியே சொல்லியிருந்தால் நேர்பட்டிருக்கும்.

கிளம்பும் முன் டாக்டர் ஒரு தாளை நீட்டினார். 1992இல் அமெரிக்கச் சிறுநீரியல் மருத்துவர்கள் வகுத்த ஏழு கேள்விகள். முழுதாகப் போகவில்லை என்று தோன்றுகிறதா, விட்டு விட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, ராத்திரி எத்தனை முறை எழுகிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 மதிப்பெண், மொத்தம் 35. ஏழுக்குள் இருந்தால் லேசு, இருபதைத் தொட்டால் கடுமை. வாழ்நாளில் முதல் தடவையாக மார்க் குறைவாக வாங்க ஆசைப்பட்டு எழுதினேன். கூட்டிப் பார்த்தால் 13. செயலாளருக்கு 16 என்று தெரியும், ஒரு திருப்தி.

எட்டாவதாகத் தனியாக ஒரு கேள்வி இருந்தது. இப்போது இருக்கும் நிலைமையே ஆயுள் முழுக்க நீடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? ‘மிகுந்த மகிழ்ச்சி’ என்றால் 0. அங்கிருந்து இறங்கிக்கொண்டே போய், ‘தாங்க முடியாது’ என்றால் 6. நான் 2 போடலாமா 3 போடலாமா என்று பேனாவோடு யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இவருக்கு என்னங்க, போயிட்டு வந்து அஞ்சு நிமிஷத்துல குறட்டை விட்டுருவாரு” என்றாள் மனைவி. “ஒவ்வொரு தடவையும் லைட்டைப் போட்டு, கதவைச் சாத்தி, போன்ல நாலு பேருக்கு வணக்கம் வச்சு என்னை எழுப்பி விடுறாரு. அந்தக் கேள்வியை என்கிட்ட கேளுங்க டாக்டர். ஆறு போடுங்க.”

டாக்டர் ஆறு போட்டார்.